நள்ளிரவு இடிமழை: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பதினோரு நாட்களே இருந்தன. அந்த மாதம் முழுக்க வெயில் கொளுத்தியது. வெப்பம் தாங்காமல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்கள் திறக்கும் தேதியே ஜூன் 12, 14 என்று தள்ளிவைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றிரவு இஷாத் தொழுகை முடித்து, கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துப் படுத்த நம்மில் பலர் நள்ளிரவில் இடிச் சத்தம் கேட்டு எழுந்தோம். விடியும்வரை மழை விட்டபாடில்லை.

மறுநாள் காலை 8.30 மணிக்குக் கணக்கெடுத்தபோது மீனம்பாக்கம் விமான நிலைய வானிலை நிலையத்தில் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. ஜூன் மாதம் முழுவதும் சேர்ந்து வழக்கமாகப் பெய்யும் மழையைப்போல இரு மடங்குக்கும் அதிகமான மழை அது, ஒரே இரவில். சென்னையில் இறங்க வேண்டிய விமானங்கள் சில பெங்களூருக்குத் திருப்பிவிடப்பட்டன. சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றது, மரங்கள் சாய்ந்தன. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வெயிலுக்காக விடுமுறை நீட்டிக்கப்பட்ட பிள்ளைகள், அடுத்த வாரமே மழைக்காக வீட்டில் இருந்தார்கள்.

புயல் எதுவும் அப்போது வங்கக் கடலில் இல்லை. பருவமழைக் காலமான ஐப்பசி, கார்த்திகையும் இல்லை. எதிர்பாராத மாதத்தில், எல்லோரும் உறங்கும் நேரத்தில் வந்ததே இந்த மழையின் ஆபத்து. இதுபோன்ற இரவுகள் மீண்டும் வரும். அப்படி வரும்போது வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை ஓரிடத்தில் தொகுத்துத் தர விரும்பினோம். குறிப்பாகச் சென்னையின் மேற்குப் புறநகரில் வசிக்கும் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

கோடை மழை எங்கிருந்து வருகிறது?

சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. அந்த மழை கடலிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவது வேறு வகை. அது நிலப்பகுதியிலிருந்து, மேற்கிலிருந்து வரும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது காய்ந்த காற்றாக வருகிறது. அதனால்தான் ஜூன், ஜூலையில் நமக்கு இவ்வளவு வெப்பம். வேலூர், ராணிப்பேட்டை, அரக்கோணம், திருத்தணிப் பகுதிகளில் பகல் முழுவதும் நிலம் காய்கிறது. பிற்பகலில் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. கீழே ஈரமும் சூடும், மேலே குளிர்ச்சி. சூடான ஈரக்காற்று விறுவிறுவென்று மேலே ஏறி, 12 முதல் 16 கிலோமீட்டர் உயரம்வரை மேகமாகத் திரள்கிறது. இதைத்தான் கார்திரள் மேகம் என்கிறோம். இடி, மின்னல், சூறைக்காற்று, ஆலங்கட்டி எல்லாம் இந்த ஒரே மேகத்தின் பிள்ளைகள்.

இந்த மேகங்கள் மாலையில் உள்மாவட்டங்களில் பிறக்கின்றன. மேல் அடுக்கில் வீசும் மேற்குக் காற்று அவற்றைக் கிழக்கே, கடலை நோக்கித் தள்ளுகிறது. வேலூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் மேகக் கூட்டம் இரவு எட்டு மணிக்கு அங்கே பெய்யத் தொடங்கினால், நம் பக்கம் வந்து சேர பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும். கோடை இடிமழை நமக்கு இரவு மழையாக அமைவதற்குக் காரணம் இதுதான்.

மேற்கிலிருந்து வருவதால் முதலில் அடிபடுவதும் மேற்குப் புறநகர்தான். திருநின்றவூர், ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு, அம்பத்தூர் என்று கடந்துதான் மேகம் அண்ணா நகருக்கும் மயிலாப்பூருக்கும் போகும். கடற்கரைக்கு அருகே போகும்போது பல நேரங்களில் அதன் வேகம் தணிந்துவிடுகிறது. ‘மயிலாப்பூரில் தூறல்தான், ஆவடியில் தெருவே ஆறு’ என்று உறவினர்கள் தொலைபேசியில் பேசிக்கொள்வது இதனால்தான்.

சில இரவுகளில் ஒரு மேகம் பெய்து கடந்ததும் அதே இடத்தில் அடுத்தது முளைக்கிறது. முதல் மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று, எதிரே நிற்கும் ஈரக்காற்றை மேலே தள்ளி அடுத்த மேகத்தை உண்டாக்குகிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் அரை மணி நேர மழை ஆறு மணி நேர மழையாகிறது. 2025 ஆகஸ்ட் 30-ஆம் தேதி இரவு வடசென்னையில் இப்படித்தான் நடந்தது. மணலியில் ஒரே இரவில் 27 சென்டிமீட்டர் பதிவானது. இவற்றையெல்லாம்விடப் பெரிய ஜூன் மழையை 1996-இல் சென்னை பார்த்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும்.

முதலில் வருவது காற்று

மழைக்கு முன்னால் காற்று வருகிறது. மேகத்துக்குள் பெய்யும் மழைநீர் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது அப்படியே கீழே விழுந்து, தரையில் மோதி, எல்லாத் திசையிலும் சிதறுகிறது. புழுக்கமாக இருந்த இரவில் திடீரென்று மண்வாசனையுடன் குளிர்ந்த காற்று அடித்தால் மழை மிக அருகில் வந்துவிட்டது என்று பொருள்.

வானிலைத் துறையின் கணக்குப்படி, இடிமழையோடு வரும் காற்று மணிக்கு 41 கிலோமீட்டரைத் தொட்டு ஒரு நிமிடமாவது நீடித்தால் அது இடியுடன் கூடிய சூறைக்காற்று. 62 கிலோமீட்டரைத் தாண்டினால் கடுமையானது. புயலின்போது காற்று படிப்படியாகக் கூடும், தயாராக நேரம் கிடைக்கும். இந்தக் காற்றோ சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்துவிடும். மரக்கிளை முறிவதும், மொட்டை மாடியின் தகர ஷீட் பறப்பதும், விளம்பரப் பதாகை சரிவதும், மின்கம்பி அறுவதும் பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும் சகோதரர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். காற்று அடிக்கத் தொடங்கியதும் மரத்தடியிலோ, பதாகைக்குக் கீழோ, டிரான்ஸ்பார்மர் அருகிலோ ஒதுங்காதீர்கள். கான்கிரீட் கூரையுள்ள கடை, பெட்ரோல் நிலையக் கட்டடம், பேருந்து நிலையம் என்று எதிலாவது நுழைந்து அரை மணி நேரம் காத்திருங்கள். வீட்டில் காத்திருப்பவர்களும் ‘எங்கே இருக்கிறாய், சீக்கிரம் வா’ என்று அடிக்கடி அழைத்து அவசரப்படுத்த வேண்டாம். ‘பாதுகாப்பான இடத்தில் நின்றுவிட்டு மெதுவாக வா’ என்ற ஒரு செய்தி போதும்.

மாடியில் தகர ஷீட் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வசிக்கும் குடும்பங்கள், காற்று பலமாக இருக்கும்போது கீழ்த்தளத்தில் வசிப்பவர் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரத் தயங்க வேண்டாம். கீழ்வீட்டில் இருப்பவர்கள் அவர்கள் கேட்பதற்கு முன்பே கூப்பிடுவது அண்டை வீட்டாருக்குரிய ஹக்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது?

ஒரு சிறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்ட் மனை என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். 16 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு மனையில் மட்டும் விழும் தண்ணீர் 35 ஆயிரம் லிட்டருக்கும் மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்றைக் கொண்டுவந்து ஒரு வீட்டு வாசலில் கொட்டியதற்குச் சமம். தெருவில் நாற்பது மனைகள் இருந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட லாரிகள்.

முன்பு இந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்ள மண் இருந்தது, வயல் இருந்தது, ஏரி இருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் முழுவதும் ஏரிகளால் ஆன நாடு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, போரூர் ஏரி, அப்பால் செம்பரம்பாக்கம். ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரி அடுத்த ஏரிக்குப் போகும். அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்குச் செல்வது இந்த ஏற்பாட்டின்படிதான். இன்று ஏரிகளுக்கு இடையே இருந்த வாய்க்கால்களின் மேல் தெருக்கள் இருக்கின்றன. முற்றத்தையும் சிமென்ட் போட்டு மூடிவிட்டோம். போக வழியில்லாத தண்ணீர், தன் பழைய வழியிலேயே நம் வரவேற்பறைக்குள் வருகிறது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், பட்டாபிராம் பகுதிகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. அது புயல் மழை, முன்னறிவிப்பு இருந்தது. இரவு இடிமழையில் அவ்வளவு அவகாசம் கிடைக்காது. பெய்யும் மொத்த அளவு குறைவாக இருந்தாலும், குறைந்த நேரத்தில் பெய்வதால் தாழ்வான தெருக்களில் ஒரு மணி நேரத்துக்குள் முழங்கால் அளவு நின்றுவிடும்.

ஓடும் தண்ணீரின் பலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அரை அடி உயரத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு பெரியவரைக் கீழே தள்ளிவிடும். ஓர் அடித் தண்ணீரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். இரண்டு அடியில் பெரும்பாலான வாகனங்களை அது இழுத்துச் சென்றுவிடும். சுரங்கப்பாதையில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது இரவில் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போன வண்டி கடந்துவிட்டது என்பது நம் வண்டியும் கடக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரே நாளில் அல் ஐன் பகுதியில் 254 மில்லிமீட்டர் மழை பதிவானது. 75 ஆண்டு வரலாற்றில் அதுபோல் பெய்ததில்லை என்று அந்நாட்டு வானிலை மையம் அறிவித்தது. துபாய் சாலைகளில் கார்கள் மூழ்கிக் கிடந்ததைப் படங்களில் பார்த்தோம். பாலைவனமோ புறநகரோ, வடிய வழியில்லாத இடத்தில் மழை ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மின்சாரம்

2021 டிசம்பர் 30-ஆம் தேதி சென்னையில் எதிர்பாராத பெருமழை கொட்டியது. அன்று மின்சாரம் தாக்கி மூன்று பேர் இறந்தார்கள். நகர மழையில் நீரில் மூழ்கி இறப்பதைவிட, நீரில் பாய்ந்த மின்சாரத்தால் இறப்பதே நாம் அதிகம் அஞ்ச வேண்டியது. எனவே இந்தப் பகுதியைக் குடும்பத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. வீட்டின் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி அணைப்பது என்று பெண்களுக்கும், விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் பகலிலேயே காட்டிக் கொடுங்கள். இரவில், இருட்டில், வாப்பா வெளியூரில் இருக்கும்போது அது தேவைப்படலாம்.

2. வாசற்படியைத் தண்ணீர் தொட்டதுமே, வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, காய்ந்த தரையில் நின்று மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே வந்து பிளக் பாயின்ட்டை எட்டிவிட்டால், நனைந்த காலோடு சுவிட்ச் பெட்டியைத் தொடப் போகாதீர்கள். வீட்டை விட்டு வெளியேறி, மின்வாரியத்துக்குச் சொல்லி அந்தத் தெருவின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

3. கீழ்த்தளத்தில் இருக்கும் சம்ப் மோட்டாரை மழை இரவில் போடாதீர்கள். தொட்டியில் தண்ணீர் இல்லையென்றாலும் விடியட்டும்.

4. தெருவோர மின்பெட்டி, மின்கம்பத்தின் இழுவைக் கம்பி, தெருவிளக்குக் கம்பம் ஆகியவற்றிலிருந்து தள்ளியே நடங்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிறர் மிதிக்காமல் தூரத்தில் நின்று எச்சரித்துக்கொண்டே தகவல் கொடுங்கள்.

5. ஒருவரை மின்சாரம் தாக்கினால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் உண்டு. முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள்.

6. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள கசிவுத் தடுப்பு டிரிப்பர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி அது. இல்லையென்றால் அடுத்த மழைக்குள் போட்டுவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். பள்ளிவாசலின் வுளூ செய்யும் இடத்திலும் மதரஸாவிலும் இது அவசியம்.

மின்னல்

இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். வயல்வெளிகளில் நிகழ்வதே அதிகம் என்றாலும், மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவர்களும் அதில் உண்டு.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். இடிச் சத்தம் ஒன்பது விநாடியில் கேட்டால் மின்னல் மூன்று கிலோமீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது. 30 விநாடிக்குள் இடி கேட்டால் வெளியே இருப்பது ஆபத்து. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வராதீர்கள்.

கான்கிரீட் வீட்டுக்குள் இருப்பவர்கள் அச்சப்படத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, பால்கனி இரும்புக் கிராதி, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து விலகியிருந்தால் போதும். டிவி, ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி ஆகியவற்றின் பிளக்கை மழை நெருங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். சார்ஜரில் செருகிய நிலையில் செல்பேசியில் பேச வேண்டாம், கழற்றிவிட்டுப் பேசலாம். இடி மிக அருகில் கேட்கும் நேரத்தில் குளிப்பதையும், குழாயில் வுளூ செய்வதையும் சில நிமிடம் தள்ளிப்போடலாம். வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

‘நாளை மழை வரும்’ என்ற அறிவிப்பு பொதுவானது. இரவு இடிமழைக்குப் பயன்படுவது வேறொன்று. சென்னை வானிலை ஆய்வு மையம், அடுத்த மூன்று மணி நேரத்தில் எந்தெந்த மாவட்டங்களில் இடியுடன் மழை வாய்ப்பு என்று அவ்வப்போது அறிவிக்கிறது. ராடார் படத்தில் மேகம் நகர்வதைப் பார்த்தே இது சொல்லப்படுகிறது. இரவு படுக்கும் முன் ஒரு முறை இதைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பெயர்கள் மாலையில் அந்த அறிவிப்பில் வந்தால் நம் முறை நள்ளிரவில் வரக்கூடும்.

வானிலைத் துறையின் ‘மௌசம்’, மின்னலுக்கான ‘தாமினி’, தமிழ்நாடு அரசின் ‘டிஎன் அலர்ட்’ ஆகிய செயலிகளை வீட்டில் ஒருவராவது செல்பேசியில் வைத்திருக்கலாம். எந்தப் பெயரும் தேதியும் இல்லாமல் குழுக்களில் சுற்றும் ‘அவசரச் செய்தி’களை, அதிலும் ஏரி உடைந்துவிட்டது, ஏரி திறக்கப்பட்டுவிட்டது என்பவற்றை, உறுதிப்படுத்தாமல் பகிரக் கூடாது. கேட்டதையெல்லாம் பரப்புவது பொய்யில் சேரும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடிவரை தண்ணீர் திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியதை நாம் கண்டவர்கள். அதனாலேயே ஏரி பற்றிய வதந்தி நள்ளிரவில் எத்தனை குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவரும் என்பதும் நமக்குத் தெரியும்.

எழுதிக் கதவில் ஒட்டி வைக்க வேண்டிய எண்கள்: மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070; மாவட்டக் கட்டுப்பாட்டு மையம் 1077; ஆம்புலன்ஸ் 108; பொது அவசர உதவி 112; மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சிக்குள் வருவதால் 1913-ஐ அழைக்கலாம். ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. இவை இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். அவசரத்தில் மாறி அழைத்து நேரம் போகாமல் இருக்க, நம் வீடு எந்த அமைப்பின்கீழ் வருகிறது என்பதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்வோம்.

ஃபஜ்ர் தொழுகைக்குப் போக வேண்டுமா?

ஜூன் மாதத்தில் ஃபஜ்ர் நேரம் நாலரை மணியை ஒட்டித் தொடங்கிவிடுகிறது. இருட்டு, தெருவில் தண்ணீர், மின்விளக்கு இல்லை. இந்த நிலையில் பள்ளிக்குப் புறப்படும் முதியவர்களைப் பற்றி அவர்கள் பிள்ளைகள் கவலைப்படுவது நியாயமே. மார்க்கம் இதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டது. மழையும் குளிருமான இரவில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்குடன் சேர்த்து அறிவிக்கச் சொன்ன நபிவழிச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இப்னு உமர் (ரலி) வழியாகப் பதிவாகியுள்ளது.

இந்தச் சலுகையை அறிந்தவர்கள் பலர். ஆனால் அது அறிவிக்கப்படாமல் போவதால், பழக்கத்தின் காரணமாகவே தண்ணீரில் இறங்கி நடக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மஹல்லா இமாம்களும் நிர்வாகிகளும் அத்தகைய இரவில் ஒலிபெருக்கியிலோ, ஜமாஅத் குழுவிலோ இதை அறிவித்துவிட்டால், வீட்டில் மகன் சொல்லிக் கேட்காத பெரியவரும் கேட்பார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வை என்று கற்றுத் தரப்பட்டவர்கள் நாம். மெயின் சுவிட்சை அணைப்பதும், தண்ணீர் வடியும்வரை காத்திருப்பதும் தவக்குலுக்கு எதிரானவை அல்ல. அவை ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

மஹல்லா செய்யக்கூடியவை

2015 வெள்ளத்தில் சென்னையின் பள்ளிவாசல்கள் பல, எந்தச் சமயத்தவர் என்று பாராமல் எல்லோருக்கும் கதவைத் திறந்தன. நம் இளைஞர்கள் படகோட்டினார்கள், சமைத்தார்கள், தண்ணீர் வடிந்தபின் கோயில்களையும் தெருக்களையும் சுத்தம் செய்தார்கள். பெருவெள்ளத்தில் செய்ததை ஓர் இரவு மழைக்கும் செய்ய முடியும். அதற்குப் பெரிய செலவு இல்லை.

- மஹல்லாவில் தனியாக வசிக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் போன்ற சிகிச்சையில் இருப்பவர்கள், கீழ்த்தளத்தில் தாழ்வான வீட்டில் இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு தெருவுக்கும் அவர்களை அழைத்து விசாரிக்க இரண்டு இளைஞர்கள்.
- பள்ளியின் மாடித் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி இடம். பாய், குடிநீர், டார்ச், சார்ஜ் ஏற்றிய பேட்டரி விளக்கு.
- இரவில் பள்ளியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது குறைந்தது மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய பள்ளியின் முன்னால் நனைந்து நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.
- மே மாத இறுதிக்குள் தெரு வடிகாலில் அடைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் மண்ணையும் அகற்றக் கோரி மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுத்தில் மனு. மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.
- வாகனம் வைத்திருப்பவர்களில், மருத்துவமனைக்கு அழைத்துப் போக எந்த நேரமும் வரச் சம்மதிப்பவர்களின் எண்கள்.

மறுநாள் காலையில்

தண்ணீர் புகுந்த வீட்டில் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயினைப் போடாதீர்கள். சம்ப் தொட்டியில் தெருத் தண்ணீர் கலந்திருந்தால் இறைத்து, கழுவி, குளோரின் போட்ட பிறகே பயன்படுத்துங்கள். அதுவரை காய்ச்சிய நீரையே குடியுங்கள். வெள்ள நீரில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால், ‘மழைக் காய்ச்சல்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொடங்கும்.

சேதத்தைச் சுத்தம் செய்யும் முன்பே தேதி தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். வீடு, கால்நடை, உயிர்ச் சேதங்களுக்கு கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் தெரிவிக்க வேண்டும். பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி வெள்ளத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. மிக்ஜாமுக்குப் பிறகு அரசு அளித்த 6,000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடைகள் வழியாகக் குடும்ப அட்டையின் அடிப்படையில்தான் வழங்கப்பட்டது. எனவே குடும்ப அட்டை, ஆதார், பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் அல்ல, கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். நள்ளிரவில் ஏணி தேட நேரம் இருக்காது.

திருக்குர்ஆனின் 13-ஆவது அத்தியாயத்துக்கு ‘அர்ரஃது’, அதாவது இடி என்றே பெயர். மின்னலில் அச்சமும் உண்டு, மழைக்கான எதிர்பார்ப்பும் உண்டு என்பதை அந்த அத்தியாயம் நினைவூட்டுகிறது. மேற்குப் புறநகரில் வாழும் நமக்கு இரண்டும் தெரியும். ஏப்ரலில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பதும் நாம்தான், ஜூனில் வாசலில் தண்ணீரைப் பார்த்துக் கலங்குவதும் நாம்தான். மதீனாவில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்து வீடுகள் இடிந்தபோது, மழை தங்கள்மீது அல்லாமல் சுற்றுப்புறங்களில் பெய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். மழையே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. நாமும் மழையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரும் இரவில் நம் வீட்டில் ஓர் உயிரும் போகாமல் இருக்க, செய்ய வேண்டியதை வெயில் அடிக்கும்போதே செய்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.